தண்டவாளத்துக்கு ஆறு ஏது?

எனக்கு அப்போது ஏழாம் மாதம். முதல் பிள்ளை. பிள்ளைத்தாய்ச்சி ஆற்றைத் தாண்டக்கூடாது என்பது அரியூரில் அசைக்க முடியாத சட்டம். பிரெஞ்சுக் கொடி இறங்கி ஒரு வருஷம் ஆகியும் அதை மட்டும் யாரும் மாற்றவில்லை. என் அம்மாவோ ஆற்றுக்கு அந்தப் பக்கம், வில்லியனூரில், கஞ்சி கூட இறங்காமல் கிடந்தாள். இன்றோ நாளையோ என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

நான் வீம்புக்காரி. என்னை அனுப்பும்வரை சோறு தொடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். மாமியார் பகல் முழுக்க என்னோடு பேசவில்லை. சாயங்காலம் தூரத்தில் ரயில் கூவியதும், புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

"வண்டிப்பாதை ஆத்துல எறங்கி ஏறுது. தண்டவாளம் எறங்குதா இன்னா? கரையில கெடக்கிற அதே இரும்புதான் ஆத்து மேலயும் நேரா போவுது. ஆறுன்னு ஒண்ணு இருக்கிறதே அதுக்குத் தெரியாது. காலையில கெளம்புடி. பாலத்து மேல மட்டும் கண்ண மூடிக்கோ."

இந்த நியாயம் எந்தக் கோர்ட்டிலும் நிற்காது. எனக்கென்ன, போனால் போதும்.

மறுநாள் மேற்கே வண்டி கட்டிப் போய் ரயிலேறினோம். மூட்டையைக் கிளறும் சுங்கக்காரர்கள் இல்லாமல் பழைய எல்லை ஸ்டேஷன் வெறிச்சென்றிருந்தது. ஜன்னலோரம் என்னை உட்காரவைத்து, பாலம் வருமுன்பே தன் உள்ளங்கையால் என் கண்களைப் பொத்தினார் மாமியார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை!

திடீரென்று சத்தம் மாறியது. காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லாத சத்தம். ஈர மணல் வாசனை முகத்தில் அடித்தது. விரலிடுக்கில் வெயில் சிவப்பாகக் கசிந்தது. ரயில் நின்றுவிட்டது போலவும், ஆறுதான் எங்களைக் கடந்து போவது போலவும் இருந்தது. வயிற்றில் பிள்ளை மெல்லப் புரண்டு படுத்தது. அந்தப் பாலம் முடியாமலே இருந்தால்கூட நல்லது என்று தோன்றியது, அம்மா எங்கோ உயிரோடு காத்திருப்பாள்.

அந்தச் சிவப்புக்குள் மாமியாரின் குரல் கேட்டது.

"எங்கம்மா செத்தப்ப உன் புருஷன் என் வயித்துல. கரை வரைக்கும் ஓடியாந்தேன். புடிச்சி இழுத்துக்கினு போயிட்டாங்க. அந்தாண்ட பொகைய மட்டுந்தான் பாத்தேன்."

சத்தம் மறுபடியும் மண்ணுக்கு வந்துவிட்டது. அவர் கையை எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.

அம்மா எங்களைப் பார்த்ததும் மிரண்டுபோனாள். "ஆத்தத் தாண்டியாடி வந்த?" என்றாள், குரலே எழாமல்.

"அவ தாண்டல சம்பந்தி. நான்தான் தாண்டினேன்" என்றார் மாமியார்.

பிறகு அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, நான் அழுவதற்கு முன்பே "அம்மா" என்று வாய்விட்டு அழுதார்.