மிஞ்சின பலகை

நம்பாதவர்கள் இரும்புலியூரில் டேனியல் வீட்டுக்கு நேரிலேயே போகலாம். குழந்தைக் கட்டிலில் ஒரு குறுக்குப் பலகை இல்லாத இடத்தைக் காட்டுவான். டீகூடத் தருவான். அந்தக் கட்டிலில் உட்கார மட்டும் விட மாட்டான்.

அவன் அப்பா சவுரிமுத்து தச்சர். பம்மல் வரைக்கும் அவர் மாட்டின கதவுகள் எந்த மழைக்கும் இறுகியதில்லை. வளைந்த ஆணியை எறிய மாட்டார். தட்டி நிமிர்த்தி, வரிசையாக அடுக்கி வைப்பார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு பென்சில், ஒரு முனை சிவப்பு, மறு முனை நீலம். அளவு தப்பினால் அதன்மேல் சிவப்பில் இரண்டு கோடு. "இது நம்ம அளவு இல்ல" என்பார். சாயங்காலம் வாசலிலேயே நின்று சட்டையில் ஒட்டின மரத்தூளைத் தட்டிவிட்டுத்தான் டேனியலின் மகள் ஜீவிதாவைத் தூக்குவார். மனைவி கன்னியம்மாவை முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அதட்டிக் கூப்பிட்டதில்லை.

டேனியல் கேளம்பாக்கத்தில் நைட் ஷிஃப்ட் பார்த்தவன். ஒத்துவரவில்லை. விட்டுவிட்டு அப்பாவின் பட்டறைக்கு வந்தான். மூன்றாவது வாரம் அவர் இழைப்புளியைப் பிடித்தபடியே சாய்ந்தார். ஐம்பத்தெட்டு வயசு.

அவருக்குச் சவப்பெட்டியை டேனியலே செய்தான். சிவப்பு-நீலப் பென்சிலை அவர் பையிலேயே வைத்து, மூடியை ஆணி வைத்து அறைந்தான். ஒரு பலகை மிஞ்சியது. நல்ல வேங்கை. வீணாக்குவானேன்? ஜீவிதாவின் கட்டிலில் விரிசல் விட்ட குறுக்குப் பலகையைக் கழற்றிவிட்டு, இதை அறுத்துப் போட்டு நாலு ஆணி அடித்தான். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல அதில் என்ன இருக்கிறது?

ஐந்தாம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல். நூற்றி மூன்று. இரண்டு டாக்டர், மூன்று ரத்தப் பரிசோதனை. ஒன்றும் பிடிபடவில்லை. நாலு வயசுக்கு இன்னும் இரண்டு மாசம் இருக்கிற பிள்ளை, தண்ணீரைக்கூட வாந்தி எடுத்தது.

திங்கட்கிழமை, மத்தியானம் 3:40. வெளியே மழை. கட்டில் பக்கமிருந்து ஒரு சத்தம்.

டொக், டொக்... டொக்.

ஆணி நிமிர்த்தும்போது சவுரிமுத்து அப்படித்தான் தட்டுவார். இரண்டு, கொஞ்சம் நிறுத்தி ஒன்று. பக்கத்து வீட்டில் ஏதோ வேலை என்று டேனியல் நினைத்தான். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது.

செவ்வாய், அதே 3:40. அதே சத்தம். வாசலில் போய்ப் பார்த்தான். மழை ஈரத்தில் ஒரு கைப்பிடி மரத்தூள்... யாரோ சட்டையைத் தட்டிவிட்டு உள்ளே வந்த மாதிரி.

பட்டறை பூட்டி எட்டு நாள் ஆகிறது.

அன்று சாயங்காலம் டாக்டர் சொன்னார். "நாளைக்கு நைட்டுக்குள்ள இறங்கலன்னா எழும்பூர் குழந்தைங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்டுங்க. லேட் பண்ணாதீங்க."

புதன். 3:38. டேனியல் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். குழந்தை கண்ணைத் திறந்தது.

"தாத்தா கீய கீறாரு."

"எங்கம்மா?"

"கட்டிலுக்குக் கீய. சண்ட போட்னு கீறாரு."

"யாரோட?"

குழந்தைக்கு உடம்பு தூக்கிப் போட்டது. கண் மேலே செருகியது.

டொக், டொக்... டொக்.

டேனியல் தரையில் தலையை முட்டினான். "நைனா! அவள வுட்டுடு நைனா! என்னைத் தூக்கினு போ!"

கன்னியம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். கட்டிலைப் பார்த்தாள். பழைய சட்டத்துக்கு நடுவில் புது மரம்.

"டேய்... அது இன்னா பலகை?"

"பெட்டிக்கு வெட்டினதுல மிஞ்சினது."

"அடப் பாவி! பெட்டில மிஞ்சினது ஒரு துண்டுகூட வூட்டுக்குள்ள வரக்கூடாதுடா. உங்கப்பன் குழியிலயே போட்டுட்டு வருவாரு. உனக்குச் சொல்லலியா?"

சொல்லவில்லை. மூன்று வாரத்தில் எதைத்தான் சொல்ல முடியும்.

குழந்தையைக் கன்னியம்மா கையில் கொடுத்தான். சுத்தியலை எடுத்துக்கொண்டு மெத்தையை இழுத்தான்.

பலகை இல்லை.

கீழே பார்த்தான்.

தரையில் கிடந்தது.

பக்கத்தில் நாலு ஆணி... நிமிர்த்தி, வரிசையாக.

மணி 3:52.

சத்தம் நின்றிருந்தது.

ஆறு மணிக்கு ஜீவிதாவுக்கு வேர்த்தது. ஏழு மணிக்குக் கஞ்சி கேட்டாள்.

மறுநாள் காலையில் அந்தப் பலகையைக் குழியில் போட டேனியல் கல்லறைக்கு எடுத்துப் போனான். அங்கேதான் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான். கறுப்பில் ஓர் அளவு எழுதியிருந்தது. 3-2. மூன்றடி இரண்டங்குலம்.

அவன் அளப்பது சென்டிமீட்டரில். அடி, அங்குலம் அவனுக்கு வராது. அப்பாவின் கையெழுத்தும் இல்லை. அவர் மூன்றுக்கு மேல்கோடு தட்டையாக இருக்கும். இது வேறு யாரோ, அவசரமே இல்லாமல், அழகாக எழுதினது.

செல்போனில் கணக்குப் போட்டான். 96.5 சென்டிமீட்டர்.

பையில் ஜீவிதாவின் ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது. உயரம்: 96.5.

அந்த அளவின்மேல், மரம் பள்ளம் விழும்படி அழுத்தி, இரண்டு கோடு.

சிவப்பில்.