எட்டு பாட்டில் ஆப்பிள் சைடர்

குயிலாப்பாளையத்தில் ஒரு விருந்தினர் விடுதியின் சமையலறையில் நான் வேலை செய்கிறேன். மரக்காணத்திலிருந்து தினமும் பஸ். போன வருடம் அங்கே நாலு மாதம் தங்கியிருந்த வெளிநாட்டு அம்மா ஒருத்தி, மிஞ்சிப்போய்த் தோல் சுருங்கிய ஆப்பிள்களையெல்லாம் வாங்கிக்கொண்டு போய்ச் சாறு பிழிந்து, ஈஸ்ட் போட்டு, சைடர் என்கிற ஆப்பிள் மது ஆகட்டும் என்று சமையலறையை ஒட்டிய அறையில் ஒரு கேனில் மூடி வைத்தாள். மூடியிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று இறங்கி ஒரு டம்ளர் தண்ணீருக்குள் முடிந்தது. மறுநாள் காலையில் அந்தத் தண்ணீரில் குமிழி வர ஆரம்பித்தது. உள்ளே ஏதோ மூச்சுவிடுகிற மாதிரி இருந்தது. பாத்திரம் தேய்ப்பதை விட்டுவிட்டு நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எனக்கும் செய்ய வேண்டும் போலிருந்தது. காரணம் கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. பதினைந்து வருடமாக அடுத்தவர் சொன்னதைச் சமைத்தவள் நான். குடிக்கிற ஆசை சுத்தமாக இல்லை. அது நடப்பதைப் பார்க்கத்தான் ஆசை.

ஆனால் என் வீட்டில் அதைச் செய்யக்கூடாது. என் கணவர் குடியை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் அவர் உப்பளத்து வாய்க்காலில் முகம் குப்புறக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். தூக்கியவர்கள் அவர் செத்துவிட்டார் என்றுதான் சொன்னார்கள். இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் திண்டிவனத்தில், குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டத்துக்குப் போய் வருகிறார். இதெல்லாம் தெரிந்துதான் அந்த அம்மாவிடம் ஈஸ்ட் கேட்டு வாங்கி, மிஞ்சிய ஆப்பிளில் பிழிந்த ஆறு லிட்டர் சாற்றைக் கேனில் ஊற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

"இன்னாம்மா அது?" என்றார் கண்டக்டர்.

"ஜூஸுங்க."

எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் அதுதான். ஜூஸ்.

அரிசி டிரம்முக்குப் பின்னால் கேனை ஒளித்தேன். கணவர் விடியுமுன்னே உப்பளம் போய் மதியம் திரும்புவார். உப்புத் தண்ணீர் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்க, தண்ணீரில் மிதக்க விடும் கண்ணாடிக் கருவி ஒன்று அவரிடம் உண்டு. அதைத்தான் நான் சாற்றில் மிதக்க விட்டேன். முதல் நாள் ஏழு டிகிரி காட்டியது. இனிப்பு குறையக் குறைய அது இறங்கும். பூஜ்யத்துக்கு வந்து மூன்று நாள் அசையாமல் நின்றால்தான் பாட்டிலில் அடைக்க வேண்டும், அதுவும் பிளாஸ்டிக் சோடா பாட்டிலில், உள்ளே காற்று எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அழுத்திப் பார்த்தால் தெரியும் என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள்.

நான் இரண்டு டிகிரியிலேயே அடைத்தேன். வீடு மணக்க ஆரம்பித்திருந்தது. பக்கத்து வீட்டில், "இன்னாக்கா, ஊட்ல எதுனா புளிச்சிப்போச்சா?" என்று கேட்டுவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் சாராயம் என்ற சொல் வாயிலிருந்து வந்தாலே போலீஸ் வரும். பயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் திண்டிவனம் போயிருந்த நேரத்தில், விடுதியில் காலியான எட்டு ஒயின் பாட்டில்களில் ஊற்றி, நுரை வரட்டும் என்று பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரையும் போட்டுத் திருகி மூடினேன். காலி டிரம் ஒன்றுக்குள் அடுக்கி, மேலே சாக்கைப் போட்டேன். சித்திரை வெயில்.

வியாழக்கிழமை சாயங்காலம் சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். ஏழு பாட்டில் இருந்தது.

மறுபடி எண்ணினேன். ஏழுதான். டிரம் சுத்தமாகத் துடைத்திருந்தது. அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார், இடது கையில் துணி சுற்றி.

"கையில இன்னா?"

"உப்பு கீறிச்சு."

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நான் மேலே கேட்கவில்லை. கேட்டால் நான் ஒளித்ததைச் சொல்ல வேண்டும். அவர் குடித்திருந்தால் குடிக்கக் கொடுத்தவள் நான்.

மூன்று நாள் அப்படிப் போனது. அவர் குளிக்கப் போனதும் சட்டையை எடுத்து முகர்ந்தேன். வியர்வையும் உப்பும்தான். சாப்பிடும்போது அவர் கண்ணைப் பார்த்தேன். டம்ளரைப் பிடிக்கும்போது விரல் நடுங்குகிறதா என்று பார்த்தேன். அவர் முன்னைவிட அதிகமாக வெளியே உட்கார்ந்தார், வெயிலில்கூட. அவர் குடித்த நாட்களிலும் இப்படித்தான், வீட்டுக்குள் வராமல் சுற்றுவார். விடுதியில் இரண்டு தடவை சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டேன். பாட்டில்களைக் கொட்டிவிடலாம் என்று தினமும் நினைத்தேன். கொட்டினால் நான் எண்ணிப் பார்த்தது அவருக்குத் தெரியும். தெரிந்தால் பேச வேண்டும்.

ஞாயிறு அவர் கூட்டத்துக்குக் கிளம்பவில்லை. அவர் குடித்துவிட்டார் என்று அதுவே எனக்கு முடிவு சொன்ன மாதிரி இருந்தது. மதியம் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் கதவோரம் நின்றார். டிரம்முக்குள்ளிருந்து வெடிச் சத்தம் கேட்டது. சாக்கு எகிறியது. கண்ணாடி டிரம்மின் சுவரில் சிதறும் ஒலி. நான் அந்தப் பக்கம் ஓடினேன்.

"கிட்ட போவாத! தள்ளு!"

என் தோளைப் பிடித்து வெளியே இழுத்தார். வாசலுக்கு வந்ததும் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. சத்தம் வந்த நொடியிலேயே எங்கிருந்து என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"அன்னிக்கும் இப்படித்தான் ஒடஞ்சுது," என்றார். "நான் மட்டும் இருந்தேன். இன்னான்னு கைய விட்டுப் பாத்தேன். கிழிச்சிருச்சு."

"ஏங்க சொல்லல?"

"சொன்னா நம்புவியா? ஊடு பூரா அந்த வாசன. ஒரு பாட்லு இல்ல. நீ இன்னா நெனப்ப?"

நான் எதைத்தான் நினைக்கவில்லை.

"கண்ணாடியப் பொறுக்கினேன், தண்ணி ஊத்திக் கழுவினேன். கையெல்லாம் ஒட்டுச்சு. ஒரு சொட்டு வாயில வெக்கல. அப்புறம் உள்ள இருக்க முடியாம வெளியவே குந்திட்டேன்." கையில் சுற்றிய துணியை இறுக்கிக்கொண்டே, "இன்னைக்குக் கூட்டத்துக்குப் போவாததுக்குக் காரணம் அதான். அங்க எந்திரிச்சி இன்னா சொல்றது? எம்பொண்டாட்டி சாராயம் காய்ச்சறான்னா?" என்றார்.

"உங்களுக்கு எப்பத்துலேர்ந்து தெரியும்?"

"டிகிரி கண்ணாடிய தொடச்சி வெச்சிருந்தியே. நான் எந்த நாளு அத தொடச்சேன்?"

நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அவர் தடுக்கவில்லை. அழுது முடித்ததும் உள்ளே இன்னும் ஆறு பாட்டில் இருப்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது.

வெளிநாட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன். கையால் தூக்காதே, முதலில் குளிர வை, பிறகு மெதுவாகத் திற என்றாள். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு அனுமந்தை போய், மீனுக்கு உடைக்கும் ஐஸைச் சாக்கு நிறையக் கொண்டுவந்தார். தூர நின்றே டிரம்முக்குள் கொட்டினோம். ஒரு மணி நேரம் வாசலில் காத்திருந்தோம்.

"நான் தெறக்கறேன்," என்று எழுந்தார்.

"வேணாங்க. நான் செஞ்சது, நானே தெறக்கறேன்."

ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுத் தன் ஹெல்மெட்டை என் தலையில் மாட்டினார். உப்பள ரப்பர் பூட்ஸைக் கொடுத்தார். "நான் ஜன்னலண்ட நிக்கறேன். உள்ள வரல. வாசனைக்கு மனசு இன்னா பண்ணும்னு எனக்கே தெரியாது," என்றார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது குரலில் தெரிந்தது.

ஈரச் சாக்கைச் சுற்றி முதல் பாட்டிலின் மூடியைத் திருகினேன். சீறியது. நுரை கையெல்லாம் வழிந்தது. குளியலறைச் சாக்கடையில் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றினேன்.

"ஆச்சா?"

"ஒண்ணு ஆச்சு."

நாலாவது பாட்டிலின் மூடி கையை மீறிப் பறந்து ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மோதியது. நான் கத்தினேன். ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "பேசு! எதுனா பேசு!" என்றார். "ஒண்ணும் ஆவலங்க," என்றேன். ஹெல்மெட் கண்ணாடி முழுக்க என் மூச்சுப் படிந்து எதிரில் எதுவும் தெரியவில்லை. ஆறாவதையும் கொட்டிவிட்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு பினாயில் போட்டு மூன்று தடவை கழுவினேன். அதுவரை அவர் உள்ளே வரவில்லை.

அடுத்த ஞாயிறு திண்டிவனம் பஸ்ஸில் அவரோடு நானும் ஏறினேன். அங்கே முதல் தடவையாக எழுந்து நின்று, என்ன செய்தேன், அவரை எப்படிச் சந்தேகப்பட்டேன் என்று சொன்னேன். யாரும் திட்டவில்லை. ஒருவர் மட்டும், "மூணு நாள் கேக்காமயே இருந்தியேம்மா," என்றார். அது திட்டைவிட மோசமாக இருந்தது.

இந்த வருடம் அந்த அம்மா திரும்ப வந்திருக்கிறாள். ஆப்பிள் நறுக்கிக் கொடுக்கிறேன், குமிழியையும் பார்க்கிறேன். காலையில் கிளம்பும்போதே அவரிடம், "இன்னைக்கு ஆப்பிள் வேலை," என்று சொல்லிவிடுகிறேன். சில நாள் தலையாட்டுவார். சில நாள் இன்றைக்கு வேண்டாம் என்பார். அன்றைக்கு நான் கேன் இருக்கும் அந்த அறைப் பக்கம் போவதில்லை.