பன்னிரண்டாவது படித்துறை

தொண்ணூறு அடி ரோட்டை விட்டு லேபர் கேம்ப் பக்கம் திரும்பிய பிறகுதான் கையில் பொரிகடலைப் பொட்டலம் இருப்பதைப் பார்த்தேன். நெற்றியில் சந்தனம் காய்ந்து இழுத்தது. வழி நெடுக கடைகளில் பாதி ஷட்டரை இறக்கி, வாசலில் வாழைக்கன்று கட்டி, உள்ளே சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கடையிலும் ஏதோ ஒரு மிஷின் அணைந்து பொட்டு வைத்துக்கொண்டு நின்றது. தையல் மிஷின், தோல் வெட்டுகிற மிஷின், ஜெராக்ஸ் மிஷின். ஆயுத பூஜை. மிஷினுக்கு வருஷத்தில் ஒரு நாள் லீவு. அதில் எனக்கு ஆட்சேபணை எதுவும் கிடையாது. ஒரே ஒரு மிஷினை மட்டும் விட்டுவைக்கச் சொல்லியிருந்தேன்.

மூன்று வருஷம் வேலை பார்த்த கேம் கடையிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தேன். திரும்பிப் போவதாக இல்லை. தாராவியில் அந்தக் கடை முன்பக்கம் ரீசார்ஜும் ஜெராக்ஸும். திரைக்குப் பின்னால் ஆறு டிவி, ஆறு கேம் மிஷின். முன்பக்கம் அண்ணாச்சி உட்காருவார், பின்பக்கம் நான். அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம், எனக்கு அப்பா வழியில் அதே பக்கம். அந்த உறவில்தான் வேலை கிடைத்தது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அதற்கு முன்னால் கிடைத்த வேலைகளைச் சொன்னால் ஒரு பக்கம் வரும். டிராம்பேயில் காண்ட்ராக்டரிடம் குழாய் சுரண்டியிருக்கிறேன், மாட்டுங்காவில் ஹோட்டல் மேஜை துடைத்திருக்கிறேன், செம்பூரில் வாட்ச்மேனாக இருந்திருக்கிறேன். எதிலும் இரண்டு வருஷம் தாண்டவில்லை. கேம் கடையில்தான் மூன்றாவது வருஷத்தைப் பார்த்தேன்.

லேபர் கேம்ப் சந்தில் நுழைந்ததும் அந்த வீடு இருந்த இடத்தைப் பார்க்காமல் போக முடியாது. இப்போது அங்கே இரண்டு மாடி ஏற்றிவிட்டார்கள். நான் முதன்முதலில் வீடியோ கேம் ஆடியது அங்கேதான். டிவியில் செருகுகிற மிஷின், மஞ்சள் நிறக் கேசட். கேசட்டின் மேல் ஆயிரம் கேம் என்று எழுதியிருக்கும். உள்ளே இருந்தது எட்டுதான், அதையே திரும்பத் திரும்பப் போட்டு ஆயிரம் ஆக்கியிருந்தார்கள். அதில் ஒரு டாங்கி கேம். செங்கல் சுவருக்குள் ஒரு பறவை உட்கார்ந்திருக்கும், அதை யாரும் சுடாமல் இரண்டு பேர் காவல் காக்க வேண்டும். இன்றைக்கும் எனக்குப் பிடித்த கேம் எது என்று கேட்டால் முதல் மூன்றில் அது வரும்.

ஆனால் மிஷின் அந்த வீட்டுப் பையனுடையது. முதல் ரிமோட் அவனுக்கு, இரண்டாவது எனக்கு. இரண்டாவது ரிமோட்டில் ஆட்டத்தை நிறுத்துகிற பட்டனே கிடையாது. செய்யும்போதே வைக்காமல் விட்டிருக்கிறார்கள். அவனுக்குப் பசித்தால் நிறுத்துவான், எனக்குப் பசித்தால் டாங்கி செத்துப்போகும். கடைசி லெவல் எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததில்லை, அதற்குள் அவனுடைய அம்மா விளக்கேற்ற வந்துவிடுவாள்.

இப்படியே எல்லாம். மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்தில் காசு போட்டு ஆடுகிற மிஷின் ஒன்று இருந்தது. இருவர் மோதுகிற சண்டை கேம். ஹோட்டலில் மதியம் தட்டு கழுவி முடித்ததும் அங்கே ஓடுவேன். நம் முறையைப் பிடிக்கக் காசைக் கண்ணாடி ஓரத்தில் வைக்க வேண்டும், வரிசை அதுதான். தோற்றால் திரையில் பத்திலிருந்து கீழே எண்ணும், பூஜ்யம் வருவதற்குள் இன்னொரு காசு போட வேண்டும். கடைசி எதிரிவரை நாலு தடவை போயிருக்கிறேன். நாலு தடவையும் பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணுவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். செம்பூரில் வாட்ச்மேன் வேலையில் கேட்டுக்கு ஒரு போன் கொடுத்திருந்தார்கள், அதில் பாம்பு கேம். திரை முழுக்கப் பாம்பை வளர்த்தவனை நான் நேரில் பார்த்ததில்லை, நானே அந்த ஆளாகிவிடுவேன் என்று நினைத்தேன். இன்னும் ஓர் அரிசி அளவு இடம் பாக்கி இருந்தபோது, அடுக்குமாடியில் பி விங்குக்குத் தண்ணீர் வரவில்லை என்று செகரட்டரி அந்தப் போனிலேயே கூப்பிட்டார்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்லலாம். படகு கேமைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

பதினைந்து வயதில் லேபர் கேம்ப் ஓரத்தில் ஒரு வீடியோ கேம் பார்லரில் அதை முதலில் ஆடினேன். காப்பி அடித்த டிஸ்க். மேலே கறுப்பு மார்க்கரில் இந்தியில் படகு என்று மட்டும் எழுதியிருந்தது. உள்ளே வருகிற எழுத்து எந்த நாட்டு எழுத்தோ, யாருக்கும் வாசிக்கத் தெரியாது. அதனால் அந்தக் கேமின் உண்மையான பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒருவன் ஆற்றோட்டத்துக்கு எதிராகப் படகைத் துடுப்புப் போட்டுப் போகிறான். பின்பக்கம் நீலத் துணியில் சுற்றி ஏதோ ஒன்றை வைத்திருக்கிறான். ஆள் நீளம் இருக்கும். மழை வந்தால் தன் மேல்சட்டையைக் கழற்றி அதன் மேல் போடுவான். பன்னிரண்டு படித்துறைகள். ஒவ்வொன்றிலும் ஜனங்கள் இறங்கி வந்து அந்த மூட்டையைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப்போவார்கள். யாரும் யாரையும் சுட மாட்டார்கள். துடுப்பை மாற்றி மாற்றிப் போடுவதில் கட்டைவிரலில் கொப்புளம் வந்துவிடும். கூட ஆடியவர்களுக்கு அது கேமே இல்லை. எனக்கு அந்த மூட்டைக்குள் என்ன, பன்னிரண்டாவது படித்துறையில் அதை யார் வாங்கிக்கொள்கிறார்கள் என்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

அந்தப் பார்லரில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே மெமரி கார்டு. ஆட்டம் வந்து நின்ற இடத்தை அதில் பதிந்து வைப்பார்கள். எட்டாவது படித்துறையில் நான் பதிந்து வைத்ததன் மேல் எவனோ தன் ஃபுட்பால் டீமைப் பதிந்துவிட்டான். மறுபடி ஆரம்பித்து ஒன்பதாவது வந்தேன், பார்லரையே மூடிப் பை தைக்கிற பட்டறை ஆக்கிவிட்டார்கள். அதன்பிறகு இருபது வருஷத்துக்கு மேல் அந்த டிஸ்க்கை நான் பார்க்கவில்லை.

போன மாதம் பழைய சாமான் கோடவுனில் எடைக்குப் போட்டிருந்த டிஸ்க் குவியலில் அது கிடந்தது. அதே மார்க்கர் கையெழுத்து. அண்ணாச்சி கடையில் பரணில் ஒரு பழைய மிஷின் இருந்தது. இறக்கி, தலைகீழாகத் திருப்பி வைத்து, டிஸ்க்கில் டூத் பேஸ்ட் தேய்த்து, இருபது தடவைக்கு மேல் முயன்ற பிறகு ஓடியது. மிஷினில் மெமரி கார்டு செருகுகிற இடம் செத்துப்போயிருந்தது. பதிந்து வைக்க வழியில்லை. அப்படிப்பட்ட மிஷினில் ஆடுகிறவன் செய்வது ஒன்றுதான், அணைக்காமல் விடுவது. ஆட்டத்தை நிறுத்தி, டிவியை மட்டும் அணைத்து, மிஷின் மேல் துணி போட்டு, எதிரே ஒரு டேபிள் ஃபேன் வைத்தேன். காலையில் கடை கூட்டும் முன் ஒரு மணி நேரம், மதியம் ஒரு மணி நேரம். பதினொரு நாள் அந்த மிஷின் அணையவில்லை.

மதியத்தில் கார் கேம் ஆட இட்லிக்காரர் ஒருவர் வருவார். காலையில் சைக்கிளில் இட்லி விற்று முடித்துவிட்டுக் காலிப் பாத்திரத்தோடு வருகிறவர், என் வயதுதான். படகைப் பார்த்துத் தினமும் ஏதாவது சொல்வார்.

"மாப்ள, இந்த வேகத்துக்கு அவன் பஸ்ல போயிருக்கலாம்ல."

மொபைலில் தேடினால் கடைசிவரை வீடியோவாகவே கிடைக்குமே என்பார். பெயர் தெரியாததை எப்படித் தேடுவது என்று கேட்டேன். நாலு நாள் அவரும் தேடினார். கிடைத்தது வேறு ஏதோ மீன்பிடி கேம்.

பூஜைக்கு முந்தின நாள் பதினோராவது படித்துறையைத் தாண்டிவிட்டேன். அன்று சாயங்காலம் இன்னும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தால் முடிந்திருக்கும். இதுதான் என் தப்பு. விஜயதசமி காலையில், கடையில் யாரும் இல்லாதபோது நிதானமாகப் பார்க்கலாம் என்று எடுத்துவைத்தேன். இத்தனை வருஷம் அவசரத்தில் எல்லாவற்றையும் பாதியில் விட்டவன், ஒன்றையாவது உட்கார்ந்து முடிக்கலாம் என்று நினைத்தேன்.

அண்ணாச்சியிடம் முன்கூட்டியே சொன்னேன். இது மட்டும் ஓடட்டும், பொட்டு வேண்டுமானால் ஓடுகிறபடியே வைத்துக்கொள்ளுங்கள் என்று. அவருக்கு மனசில்லை. கடைசியில், "சரிடே, மேல துணியப் போட்டு மூடிரு. சாமி கண்ணுல படாம இருக்கட்டும்" என்றார்.

பூஜை அன்று காலையில் மற்ற ஆறு மிஷினையும் நானே பிளக்கைப் பிடுங்கித் துடைத்து வைத்தேன். பிறகு பூசணிக்காயும் பூவும் வாங்க அண்ணாச்சி என்னை மாட்டுங்கா மார்க்கெட்டுக்கு அனுப்பினார். அன்றைக்குப் பூக்கடையில் நிற்கவே இடமில்லை. நான் திரும்பி வரும்போது பூஜை முடிந்துவிட்டது. ராகுகாலம் வருகிறதென்று பக்கத்துக் கடையிலிருந்து பூ வாங்கி அவரே முடித்திருந்தார். என் நெற்றியில் சந்தனம் இட்டார், பொரி கொடுத்தார். திரைக்குப் பின்னால் போனேன். பழைய மிஷின் மேல் துணி இல்லை. மற்ற மிஷின்களுக்கு ஒவ்வொரு பூ, இதற்கு மட்டும் முழுச் சாமந்தி மாலை. மூடியில் மூன்று பட்டை சந்தனம்.

"அணைச்சீங்களா அண்ணாச்சி?"

"ஓடுற மிஷினுக்குப் பொட்டு வைக்கலாமாடே? பதினோரு நாளா உழைக்கு, அதுக்கு மட்டும் ஓரவஞ்சனையா? தீபாராதனை காட்டுற அளவுக்குத்தான் நிறுத்துனேன். உடனே போட்டுட்டம்லா. நீ விட்ட எடத்துலதான் இருக்கும், பாரு."

டிவியைப் போட்டேன். மிஷினின் முதல் திரை, நீலமாக, காலியாக இருந்தது.

அவர் கேலி செய்யவில்லை. டிவியை அணைத்துப் போட்டால் அதே சேனல் வருகிறது, மொபைலை அணைத்துப் போட்டால் எல்லாம் அப்படியே இருக்கிறது. இதுவும் அப்படித்தான் என்று நினைத்திருக்கிறார். பன்னிரண்டு வருஷமாகக் கேம் கடை நடத்துகிறவர் ஒரு நாள்கூடக் கேம் ஆடியதில்லை. நான் எப்படி விளக்குவது? மறுபடி ஆரம்பித்தால் போயிற்று, மிஷின் எங்கே போகிறது என்றார். டிஸ்க்கைத் துடைத்துப் போட்டேன். சுற்றியது, நின்றது. தலைகீழாகத் திருப்பினேன், சந்தனம் உதிர்ந்தது. குளிர விட்டுப் போட்டேன். ஏழு தடவை. பதினொரு நாள் சூட்டில் உள்ளே டிஸ்க்கை வாசிக்கிற கண் போய்விட்டது, அணைக்காமல் இருந்தவரைக்கும்தான் அதற்கு உயிர். பூஜை முடிந்த மிஷினைத் தொடுகிறானே என்று அண்ணாச்சி முணுமுணுத்தார். அவர்மேல் கோபப்பட ஒரு காரணம் கிடைத்தால் தேவலை என்று தேடினேன், கிடைக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். சாவியை ஜெராக்ஸ் மிஷின் மேல் வைத்தேன். அதற்கும் பொட்டு இருந்தது.

கிங்ஸ் சர்க்கிள் பாலத்துக்குக் கீழே இட்லிக்காரர் எதிரே வந்தார். சைக்கிளைக் கழுவி, ஹேண்டிலில் மாலை சுற்றி, சைக்கிளுக்கும் லீவு என்று தள்ளிக்கொண்டே வந்தார். முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"வேணும்னு செஞ்சாரா?"

"இல்ல. மாலையெல்லாம் போட்டிருக்காரு."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். கொஞ்ச தூரம் என்னோடு திரும்பி நடந்தார். பொரியை இருவரும் தின்றோம். பிறகு, அந்த மூட்டையில் அவனுடைய அப்பன்தான் இருப்பான், ஊருக்குக் கொண்டுபோய் எரிக்கிறான், இதில் பார்க்க என்ன இருக்கிறது என்றார். அதை நான் பதினைந்து வயதிலேயே நினைத்திருக்கிறேன். ஆனால் பதினோராவது படித்துறை தாண்டியதும் அந்தத் துணி லேசாக அசைந்தது. நான் பார்த்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒன்று சொல்வார்.

"வேலைய விட்டுட்டியா, இல்ல சும்மா நடக்கியா?"

"விட்டுட்டேன்."

"காலைல ஆண்டாப் ஹில்லுக்கு வா. நான் மாவு எடுக்குற எடத்துல ஆள் கேட்டாங்க. விஜயதசமி, நல்ல நாள்தான்."

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போனேன். இட்லி மாவு அரைக்கிற கூடம், வரிசையாக ஐந்து பெரிய கிரைண்டர். ஒவ்வொன்றின் மேலும் வாடிய மாலை, பொட்டு, கீழே பிழிந்த எலுமிச்சம்பழம். நடத்துகிற அம்மாள் என் படிப்பைக் கேட்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். வலது கட்டைவிரலில் கொப்புளம் எதனால் என்று கேட்டாள். துடுப்புப் போட்டதால் என்றேன். நம்பினாளோ என்னவோ, வேலையைச் சொன்னாள். ஊறின அரிசியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள வேண்டும், பக்கத்தில் ஒட்டுவதை வழித்துவிட வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் கல் இறுகிப்போகும்.

"பூஜை அன்னைக்கு?" என்று கேட்டேன்.

"முந்தின நாளே அரைச்சு முடிச்சிருவோம்" என்றாள்.

மாலைகளைக் கழற்றி வாளியில் போட்டுவிட்டு முதல் கிரைண்டரில் ஆரம்பித்தேன்.