உப்பில்லாத பத்து நாள்

என் கணவர் திருவண்ணாமலையில் கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதிவந்தவர். எண்பதுகளின் தொடக்கத்தில் அவருக்கு மனநோய் வந்தது. சில வாரம் தூங்காமல் பேசிக்கொண்டே இருப்பார். சில மாதம் பாயை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். வேலூர் டாக்டர் கொடுத்த லித்தியம் மாத்திரையால் மூன்று வருடம் நன்றாக இருந்தார். "நல்லா இருந்தாலும் மாத்திரையை நிறுத்தாதீங்கம்மா, சாப்பாட்டுல உப்பையும் குறைக்காதீங்க" என்று டாக்டர் என்னிடம்தான் சொல்லியிருந்தார்.

அந்த நோய் திரும்பவே கூடாது என்று அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டு, தீபத் திருவிழா முழுக்க இருவருக்கும் உப்பில்லாமல் சமைத்தேன். மாத்திரையைத்தான் நிறுத்தவில்லையே, சாமி காரியத்தில் என்ன கெட்டுவிடும் என்று நினைத்தேன். அவர் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார்.

பத்தாம் நாள் விடிகாலையில் வாந்தி எடுத்தார். கை உதறியது, நாக்கு குழறியது. ஊரே தீபம் பார்க்க வந்துகொண்டிருக்க, நாங்கள் காலி பஸ்ஸில் வேலூருக்குப் போனோம்.

ரத்தத்தைச் சோதித்த டாக்டர், "உடம்புல மருந்து ஜாஸ்தியாயிடுச்சு. உப்பைக் கம்மி பண்ணீங்களா?" என்று என்னைக் கேட்டார். 

கட்டிலில் கிடந்தவர் குழறிக் குழறிச் சொன்னார்: "நான்தான் சார், உப்பு வேணாம்னு சொல்லிட்டேன்."

பிழைத்துக்கொண்டார். மாத்திரையை அளவு குறைத்துத் தொடர்ந்தார்கள். நான் வேண்டியபடியே அந்த நோய் திரும்பவில்லை. கை நடுக்கம் மட்டும் போகவில்லை. பிரஷ்ஷைத் தொடுவதை விட்டுவிட்டார்.

குழம்பில் உப்பு குறைந்தால் இன்றும் என்னிடம் சொல்ல மாட்டார். அந்தக் கையாலேயே அள்ளிப் போட்டுக்கொள்வார். பாதி தட்டுக்கு வெளியே சிந்தும். நான் துடைப்பேன்.