யாருக்கும் சொந்தமில்லாத பூட்டு

ஞானாம்பாளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு வியாதி உண்டு. எதற்கெடுத்தாலும் ‘ஏன்’ என்பாள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையிடம், இதற்கு முன் பார்த்த பெண்ணை ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று கேட்டவள். அவர் மறைக்காமல் பதில் சொன்னதால் அவரையே கட்டிக்கொண்டாள். அவர் இப்போது குவைத்தில் லாரி ஓட்டுகிறார். கும்பகோணம் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் சேந்தங்குடியில், மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து நெல் போடுவது இவள்.

அந்த வயல் வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. அதாவது, ஆற்றில் தண்ணீர் திறந்த செய்தியை டிவியில் பார்த்து மகிழும் இடம். வாய்க்காலின் தலைப்பில் ஓர் இரும்பு மதகு. இரண்டு ஊர்க்காரர்கள் தண்ணீருக்காக அடித்துக்கொண்ட ஒரு வருடம், அமைதி காக்க யாரோ அதை இறக்கிப் பூட்டுப் போட்டார்கள். அமைதி வந்தது. தண்ணீர்தான் வரவில்லை. சாவி எங்கே என்பது யாருக்கும் தெரியவில்லை. போன வருடத்துச் சம்பா கருகியது. இந்த வருடமும் கருகினால் குத்தகையை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவேன் என்று, நிலத்துக்காரர் ராமசுப்பிரமணியன் பெங்களூரிலிருந்து மிக மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

பாசன அலுவலகத்தில் கேட்டாள். “அது ஒன்றியத்து மதகும்மா” என்றார்கள். ஒன்றிய அலுவலகத்தில் கேட்டாள். “தண்ணின்னு வந்தா அவங்கதாம்மா” என்றார்கள். இரண்டு இடத்திலும் உட்காரச் சொன்னார்கள். அந்த வகையில் குறை சொல்வதற்கில்லை.

சித்திரையில், தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் யூனுஸிடம் போய் நின்றாள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட வேண்டும்.

“என்னக்கா அடிக்கணும்?”

“மதகை ஏன் பூட்டுனீங்க, ஏன் தொறக்கல, ஏன் ஒருத்தரும் வந்து பாக்கலன்னு அடிங்க தம்பி.”

“மூணு ஏன் போதுமா?”

“நாலாவதுக்கு எடம் விட்டு வைங்க.”

பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பாசன அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் போட்டாள். முப்பது நாள் கெடு முடிகிற தறுவாயில் பதில் வந்தது. ‘மனுதாரர் கோரியுள்ளவை விளக்கங்கள். காரணம் கேட்பது தகவல் என்ற வரையறைக்குள் வராது. அலுவலகத்தில் உள்ள ஆவணங்களின் நகலை மட்டுமே கோரலாம்.’

பெற்றவர்களாலும் கட்டியவராலும் முடியாததை ஒரு பொதுத் தகவல் அலுவலர் சாதித்துவிட்டார். இரண்டாவது மனுவில் மருந்துக்குக்கூட ஒரு ‘ஏன்’ இல்லை. மதகைப் பூட்டச் சொன்ன உத்தரவின் நகல், சாவி யார் பொறுப்பில் இருக்கிறது என்று காட்டும் பதிவின் நகல், மதகு எந்த அலுவலகத்துடையது என்று காட்டும் பக்கத்தின் நகல். அவ்வளவுதான்.

பாசன அலுவலகம் அதைச் சட்டப்படி ஒன்றியத்துக்கு மாற்றி அனுப்பியது. ஒன்றியம் சட்டப்படி திருப்பி அனுப்பியது. சட்டத்தை இவ்வளவு மதிக்கும் இரண்டு அலுவலகங்கள் ஒரே தாலுகாவில் அமைவது அபூர்வம். ஞானாம்பாள் இரண்டு இடத்திலும் மேலதிகாரிக்கு மேல்முறையீடு போட்டாள். அதற்குள் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்து வயல் போர்செட்டில் தண்ணீர் கேட்டு வாங்கி நாற்று விட்டிருந்தாள். நாற்று முற்றிக்கொண்டிருந்தது.

கடைசியில் இரண்டு பதில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ‘மேற்படி மதகு இவ்வலுவலகக் கட்டுப்பாட்டில் இல்லை. பூட்டு, சாவி குறித்து ஆவணம் ஏதும் இல்லை.’ இரண்டிலும் வாசகம் ஒன்றே. முதன்முறையாக இரு அலுவலகங்களும் கலந்து பேசி ஒரு வேலையை முடித்திருந்தன.

“போச்சுக்கா,” என்றான் யூனுஸ். “இனிமே சென்னையில தகவல் ஆணையத்துக்குத்தான் போகணும். பேரன் காலத்துல நெல்லு அறுக்கலாம்.”

“எதுக்கு? கேட்டது கெடச்சிருச்சே.”

“என்ன கெடச்சுது? ஒண்ணும் இல்லன்னுல்ல எழுதியிருக்காங்க.”

“அதத்தான் நானும் சொல்றேன். ரெண்டையும் நகல் எடுங்க.”

மறுநாள் காலை வெல்டிங் பட்டறை பஞ்சநதத்தை மதகடிக்கு அழைத்துப் போனாள்.

“கேஸு கீஸு வருமாம்மா?”

“யாரு பூட்டுன்னு சொல்லிக் கேஸு போடுவாங்க?”

பஞ்சநதம் இரண்டு கடிதத்தையும் முத்திரை உட்படப் படித்துவிட்டே கட்டரைப் பற்றவைத்தார். பூட்டு விழுந்தது. கரையில் நின்ற நாலு பேர் கைகொடுக்க, மதகு முனகிக்கொண்டு மேலே ஏறியது. இத்தனை நாள் சாவியைப் பற்றி விசாரிக்க வராத பாசன அலுவலகத்துச் செழியன், பூட்டு உடைந்ததும் பைக்கில் பறந்து வந்தார்.

“யாரக் கேட்டு ஒடைச்சீங்க?”

“ரெண்டு ஆபீஸையும் கேட்டுத்தாங்க.” நகல்களை நீட்டினாள்.

செழியன் படித்தார். கீழே தன் அதிகாரியின் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “என்ன இருந்தாலும் இது அரசாங்கச் சொத்தும்மா.”

“அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. புதுப் பூட்டு நானே வாங்கி மாட்டறேன். அப்பறம் தொறக்கச் சொல்லி ஒங்க வாசல்லதான் வந்து நிப்பேன்.”

“பேனா வேணுங்களா சார்?” என்றாள் கரையில் நின்ற பூவம்மாள்.

செழியன் நகல்களைப் பத்திரமாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “எனக்கு இந்தப் பக்கம் டியூட்டியே இல்லம்மா,” என்று சொல்லி வண்டியைத் திருப்பினார்.

தண்ணீர் முதலில் வாய்க்காலில் கிடந்த குப்பையையெல்லாம் தள்ளிக்கொண்டு போனது. மாலைக்குள் கடைசி வயலை எட்டியது. பார்க்க ஞானாம்பாள் அங்கே இல்லை. நாற்றுப் பறிக்க ஆள் தேடிப் போயிருந்தாள்.