ரிட்டிகலவில் குப்புறக் கிடந்த கல்

இந்த வளைகுடா ஊரில் பள்ளி வாரம் தொடங்கும் ஞாயிற்றுக்கிழமை காலை, நஜ்மா பகுதியில் எங்கள் கட்டடத்தின் முன் பள்ளிப் பேருந்து வந்து நின்றது. ஹாரன் அடிக்கவில்லை. பாலா அங்கிள் எப்போதும் இரண்டு முறை அடிப்பார். ஒன்று எனக்கு, இன்னொன்று நான் இன்னும் பல் தேய்த்துக்கொண்டிருப்பேன் என்பதற்கு. அன்று ஓட்டுநர் இருக்கையில் வேறொருவர் இருந்தார்.

"பாலா பாய் கிதர்?" எங்கே என்று இந்தியில் கேட்டேன்.

அவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து மேலே காட்டினார். "பாலா பாய் கலாஸ். ஜும்மா கே தின். ஹார்ட்." வெள்ளிக்கிழமை, மாரடைப்பு.

இந்த ஊரில் பெட்ரோல் தீர்ந்தாலும் கலாஸ், டூட்டி முடிந்தாலும் கலாஸ். மனிதருக்கும் அதே சொல்தான் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. பின்னால் இருந்த என் நண்பன் ரியாஸ் என்னை முறைத்து, "டேய், இது உன் வேலையாடா?" என்றான். அவன் மேல் தப்பில்லை. இப்படி ஆளை வைத்துப் பொய் சொல்லி விளையாடுவது நான் செய்யக்கூடிய வேலைதான். அன்று மட்டும் அது என் வேலையாக இருந்திருக்கக் கூடாதா என்று இப்போதும் தோன்றுகிறது.

எங்கள் பஸ்ஸில் வந்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இந்தப் பள்ளி மலரைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாலா அங்கிள் திருகோணமலைக்காரர். வயது நாற்பதுக்கு மேல். எங்கள் பள்ளியின் பதினோராம் நம்பர் பஸ்ஸை ஓட்டினார். நம்மூரில் பதினோராம் நம்பர் பஸ் என்றால் நடந்து போவது என்று அர்த்தம். அதை நான் அவரிடம் சொல்லாத வாரம் கிடையாது. அவரும் ஒவ்வொரு வாரமும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டுவிட்டு, "அப்ப நாளைக்கு நடந்து வாரும்" என்பார்.

இங்குள்ள பள்ளிப் பேருந்துகளில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகள் எல்லோரும் இறங்கிய பிறகு ஓட்டுநர் கடைசி இருக்கைவரை நடந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும். இந்த வெயிலில் பூட்டிய பஸ்ஸுக்குள் ஒரு குழந்தை தூங்கிப்போனால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். பலர் எட்டிப் பார்ப்பதோடு சரி. பாலா அங்கிள் நடப்பார். ஒவ்வொரு இருக்கையாக, எதையோ எண்ணுவதுபோல மெதுவாகப் போய், அதே மெதுவோடு திரும்பி வருவார்.

எட்டாம் வகுப்பில் ஒரு கணக்குப் பரீட்சையிலிருந்து தப்பிக்க நான் கடைசி இருக்கைக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு, குனிந்து ஒளிந்திருந்தேன். செருப்புச் சத்தம் மெதுவாக வந்து என் முன்னால் நின்றது.

"முதுகை நிமித்தி இரும் தம்பி. காட்டில தியானம் செய்த சாமிமார் இந்த இருப்பைப் பாத்தா வெக்கப்படுவினம்."

என்னைப் பிடித்ததைவிட, இவருக்கு எந்தக் காட்டுச் சாமியார்களைத் தெரியும் என்பதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பரீட்சையில் எனக்குப் பன்னிரண்டு மதிப்பெண். காட்டின் கதை முழுசாகக் கிடைத்தது.

அந்தக் கதையை சிக்னலுக்குச் சிக்னல் தவணையாகச் சொன்னார். இளவயதில் அவர் அனுராதபுரத்துக்கும் ஹபரணைக்கும் நடுவே, ரிட்டிகல என்ற காட்டு மலையில் கூலி வேலை பார்த்திருக்கிறார். ஆயிரம் வருடத்துக்கு மேல் பழைய பௌத்த மடம் அங்கே இடிந்து கிடக்கிறது. காட்டுக்குள் ஏறிப்போகும் கல் பாதை. இரண்டிரண்டாகக் கல் மேடைகள், அவற்றை இணைக்க ஒரு சின்னக் கல் பாலம். புத்தர் சிலை இல்லை, தாதுகோபுரம் இல்லை, கும்பிட ஒன்றும் இல்லை. அங்கிருந்த பிக்குகள் தியானம் மட்டுமே செய்தார்களாம். உட்கார்ந்து ஒரு தியானம், நடந்து ஒரு தியானம்.

"ஒரு பூ வேலைப்பாடுகூட இல்லையா அங்கிள்?"

"ஒரே இடத்திலதான் கிடக்கு. மூத்திரம் பெய்யிற கல்லில. நல்ல வடிவான சித்திர வேலை. மற்ற மடங்களில அரண்மனை மாதிரி வாழ்ந்தவையைப் பழிக்கிறதுக்குச் செதுக்கினது எண்டு பெரியவை சொல்லுவினம்."

"அப்போ தியானத்தில் ஒன்றிப்போனவர்கள், ஒன்றுக்குப் போன இடத்தில்தான் சிற்பம் வைத்தார்களா!"

பஸ்ஸே அதிர்ந்தது. அவர் சிரித்த சிரிப்பில் பச்சை விழுந்தது தெரியவில்லை. பின்னால் நின்ற லேண்ட் குரூசர்க்காரர் ஹாரனிலேயே உட்கார்ந்துவிட்டார்.

போன வருடம், எல்லோரும் இறங்கிய பிறகு நான் அவரிடம் கேட்டேன்: "அங்கே எங்கேயாவது உங்கள் பெயரைச் செதுக்கிவிட்டு வந்தீர்களா?" நான் இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அவர் என்ஜினை நிறுத்தினார்.

"பேர் வெட்டேல்ல தம்பி. அதைவிட மோசமான வேலை ஒண்டு செய்தனான்."

அங்கே அவருடைய வேலை, நடைபாதைக் கற்களை அலவாங்கால் நெம்பித் தூக்கி, அடியிலுள்ள வேர்களை வெட்டிவிட்டு, இருந்தபடியே திரும்ப வைப்பது. அலவாங்கு என்றால் நம்மூர் கடப்பாரை. ஒருநாள் ஓவர்சியர் காய்ச்சலில் படுத்துவிட, பாலா அங்கிள் தனியாக வேலை பார்த்தார். ஒரு கல்லின் நடுவில் பள்ளம். மழைத் தண்ணீர் தேங்கி, பாசி பிடித்துக் கிடந்தது. அவருடைய அப்பா மேசன். நல்ல முகம் மேலே இருக்க வேண்டும் என்று பார்த்து வளர்ந்த கை. பழுதான கல் என்று நினைத்து, அதைப் புரட்டி, சமமான முகம் மேலே வரும்படி அழகாகப் பதித்துவிட்டார்.

மறுநாள் ஓவர்சியர் வந்து, சுற்றிப் பார்க்க வந்த சில மாணவர்களுக்கு வேறொரு பாதையிலிருந்த பள்ளக் கல்லைக் காட்டினார். இது உடைசல் இல்லை, பிக்குகள் நடந்து நடந்து தேய்ந்தது, அவர்கள் இங்கே விட்டுப்போனது இதுதான் என்றார்.

"நான் அலவாங்கோட பக்கத்தில நிக்கிறன். சொன்னா வேலை போயிரும் எண்டு பயம். நாளைக்குத் திருப்புவம், நாளைக்குத் திருப்புவம் எண்டு இருந்தன். பிறகு நாட்டில திரும்பவும் பிரச்சினை வந்திட்டுது, ஓடி வந்திட்டன். அத்தனை பேர் நடந்த நடை மண்ணுக்குள்ள குப்புறக் கிடக்கு தம்பி. அது எனக்கு மட்டும்தான் தெரியும்."

அங்குள்ள தொல்பொருள் அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். எனக்குத் தமிழைவிட ஆங்கிலம் சரளம் என்பது அவருக்குத் தெரியும். சரி என்றேன். எழுதவில்லை. ஒரு மாதம் கழித்து, எழுதாததை மறைக்க, அதைவிடச் சுவாரசியமான ஒன்றைச் செய்தேன்.

பதில் கடிதத்தை நானே தயாரித்தேன். இணையத்தில் எடுத்த சிங்க முத்திரை, கோணலான ஒரு ரப்பர் ஸ்டாம்ப், என் சேகரிப்பிலிருந்த பழைய இலங்கைத் தபால்தலை. "குற்றவாளி தன் சொந்தச் செலவில், தன் சொந்த அலவாங்குடன் நேரில் ஆஜராகிக் கல்லைத் திருப்ப வேண்டும்" என்பது அதன் சாரம். அலவாங்கு வரியிலேயே பிடித்துவிடுவார், இருவரும் சிரிப்போம் என்பது என் கணக்கு. கணக்கில் நான் பன்னிரண்டு மதிப்பெண்காரன்.

அவர் கவரை வாங்கியதும் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "நீரே வாசியும்" என்று என்னிடமே நீட்டினார். நான் எழுதிய பொய்யை நானே உரக்க வாசித்தேன். அலவாங்கு வரியும் வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"வரச் சொல்லிட்டினமோ?" என்றார். முகம் அப்படி வெளிச்சமாகி நான் பார்த்ததில்லை.

மகளின் பரீட்சையை ஒட்டி டிசம்பரில் எடுக்க வைத்திருந்த லீவை மறுநாளே முன்னால் மாற்றிக் கேட்டிருந்தார். நல்ல தோல் கையுறை ஒரு ஜோடி வாங்கி டாஷ்போர்டில் வைத்திருந்தார். நான் இரண்டு நாள் சும்மா இருந்தேன். மூன்றாம் நாள், எல்லோரும் இறங்கிய பிறகு சொன்னேன்.

அவர் எழுந்து, வழக்கம்போல் கடைசி இருக்கைவரை நடந்தார். திரும்பி வர அன்று நேரமானது.

"காயிதம் பொய். கல்லு உண்மைதானே? இப்ப உண்மையான காயிதத்தை எழுதும்." கொஞ்சம் கழித்து, "உம்மட இங்கிலீசு நல்லாத்தான் இருந்தது. அந்த அலவாங்கை மட்டும் வெளியில எடுத்துப்போடும்" என்றார். லீவு விண்ணப்பத்தை அன்று மாலையே திரும்ப வாங்கிக்கொண்டார்.

மறுநாள் எங்கள் கட்டடத்தின் நிழலில் நின்ற பஸ்ஸிலேயே எழுதினோம். எந்தக் கல் என்று சொல்ல வேண்டுமே. அவர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையைக் கல் பாலமாக வைத்து நடக்க ஆரம்பித்தார். பஸ்ஸின் நீளம் போதவில்லை. கடைசி இருக்கையில் திரும்பி, மறுபடி நடந்து, மூன்றாவது நடையில் நின்றார். "இதில. வலப்பக்கம் ஒரு பாலை மரம்." நான் காலடிகளை எண்ணிக் கோட்டுப்படம் போட்டேன்.

"உங்கள் பெயர் வேண்டாம் அங்கிள். கல் திரும்பினால் போதாதா?"

"பேரில்லாட்டி அது மொட்டைக் கடிதம்."

"பிக்குகளுக்கு மொட்டைதானே பொருத்தம்?"

"போடும் ஐயா பேரை" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னார். முழுப் பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் போட்டேன். பதில் வர, என் அப்பாவின் அஞ்சல் பெட்டி எண்ணைக் கொடுத்தேன்.

அனுப்பி ஆறு வாரம் பதில் இல்லை. தினமும் காலையில் கண்ணாடியில் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவார். நான் இல்லை என்று தலையாட்டுவேன். ஒருநாள் மட்டும் வாய்விட்டுக் கேட்டார்: "அனுப்பினனீரோ?"

"அனுப்பினேன் அங்கிள்."

நான் அனுப்பவில்லை என்று நினைக்க அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவர் கண்ணாடியில் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி" என்றார். அதற்குப் பிறகு புருவமும் உயரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மதியம், சாப்பிட்டுப் படுத்தவர், ரூமில் எழவில்லை.

அவர் உடல் திருகோணமலைக்குப் போன மறுவாரம் அப்பா ஒரு கவரைக் கொண்டுவந்து கொடுத்தார். அழகே இல்லாத தட்டச்சு, நான்கு வரி. இடம் பார்க்கப்பட்டது. குறிப்பிட்ட கல்லை நெம்பிப் பார்த்ததில் அடிப்பக்கம் தேய்ந்த பள்ளம் இருக்கிறது. மழைக்காலம் முடிந்ததும் திருப்பி வைக்கப்படும். தகவல் தந்தவருக்கு நன்றி.

ரியாஸ் வாசித்துவிட்டு, "இந்தத் தடவை முத்திரை சூப்பர்டா" என்றான். என் அம்மா கன்னியாகுமரிக்காரி, இங்கே நர்ஸ். மனிதர்கள் பொய் சொல்வதை நாடி பிடித்தே கண்டுபிடிப்பவள். "லேய், செத்தவரு காரியத்துலயும் வெளையாடுதியா?" என்று கையை ஓங்கினாள். தபால்தலை மேல் விழுந்திருந்த புதுத் தேதி முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிய பிறகுதான் கை இறங்கியது.

அசலைத் திருகோணமலைக்கு, அவர் மனைவிக்கு அனுப்பிவிட்டேன். அவர்கள் நம்ப வேண்டும் என்பதற்காக அம்மா தன் கையால் இரண்டு வரி சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அலுவலகத்துக்கும் எழுதியிருக்கிறேன், தகவல் தந்தவர் இறந்துவிட்டார், ஆனாலும் கல்லைத் திருப்பிய பிறகு ஒரு வரி போடுங்கள் என்று.

என்னிடம் இருப்பது அவர் சொன்ன அந்தச் 'சரி' மட்டும்தான். கடிதத்தைப் பார்த்துவிட்டு யார் வேண்டுமானாலும் சரி சொல்லலாம். பாலா அங்கிள் என் முகத்தை மட்டும் பார்த்துச் சொன்னார்.