மஞ்சள் தண்ணீர் பட்ட ஹார்ட் டிஸ்க்

கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்று யாரோ மாமாவிடம் சொல்லி வைத்துவிட்டார்கள். அருப்புக்கோட்டையில் தூசியை யாரால் நிறுத்த முடியும்? மாமா நிறுத்திப் பார்த்தார். தன் அச்சகத்து மாடி அறையில் இருந்த ஒரே ஜன்னலையும் பிளைவுட் வைத்து ஆணி அடித்து மூடினார். நான் அந்த அறைக்குள் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் டைப் அடித்தேன். பக்கத்து வீட்டுப் பவர்லூம் சத்தம் சுவர் வழியாக வரும். கீழே மதுரை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். பஸ்ஸைப் பார்க்கத்தான் வழி கிடையாது.

தொண்ணூறுகளின் கடைசி அது. மாமா என் அம்மாவின் தம்பி. அப்பா இறந்தபிறகு எங்கள் வீட்டு அடுப்பு அவரால்தான் எரிந்தது. அவரை எதிர்த்துப் பேச எங்களுக்கு வாய் கிடையாது, அவரும் பேசும்படி வைத்துக்கொண்டதில்லை. திட்டினால்கூட சண்டை போடலாம். அவரோ பொங்கலுக்கு எனக்கு எடுத்த பிறகுதான் தன் பெண்களுக்குத் துணி எடுப்பார்.

மதுரையில் ஒரு பெரிய அச்சகத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. வடிவமைப்பு வேலை, லேடீஸ் ஹாஸ்டல், அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும். மாமாவிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் தைரியம் வரவில்லை. சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "சர்ச்சு மலர முடிச்சுக் குடுத்துட்டுத் தாராளமாப் போ தாயி" என்றார்.

பக்கத்து ஊர் தேவாலயத்தின் நூற்றாண்டு மலர் அது. ஒவ்வொரு குடும்பத்தின் கதையும் அதில் உண்டு. யார் எந்த ஊரிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தார்கள், யார் முதல் கல் நட்டார்கள் என்று மாதக்கணக்காக அடித்திருந்தேன். முடிக்கக் கொஞ்சம்தான் பாக்கி. அதற்குள் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் கம்ப்யூட்டர் வெக்கை தாங்காமல் அடிக்கடி நின்றுபோகும். அதனால் பெட்டியின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு டேபிள் ஃபேனை அதன் வயிற்றுக்கு நேராகத் திருப்பி வைத்திருப்போம். எனக்கு விசிறிக்கொள்ள பழைய பத்திரிகை அட்டை. பூஜை அன்று மெஷினை அணைத்துவிடலாம் என்றேன். மாமா ஒத்துக்கொள்ளவில்லை.

"லாரிக்காரன் ஸ்டார்ட் பண்ணித்தான எலுமிச்சம்பழத்து மேல ஏத்துறான்? ஓடுற மிஷினுக்குப் போட்டாத்தான் பூஜ."

திரையில் பெரிய எழுத்தில் 'சுப லாபம்' என்று அடித்து வைக்கச் சொன்னார். அடித்தேன். மானிட்டருக்குச் சந்தனம், கீபோர்டுக்குப் பொரி, மவுசுக்குக்கூடக் குங்குமம். கடைசியில் மாவிலையை மஞ்சள் தண்ணீரில் முக்கி, கண்ணை மூடிக்கொண்டு, எல்லாவற்றின் மேலும் மனநிறைவோடு தெளித்தார். திறந்து கிடந்த பெட்டிக்குள் 'சடக்' என்றது. சுபமும் லாபமும் சேர்ந்து அணைந்துபோயின.

மதுரை மெக்கானிக் போனில், போர்டு போயிருக்கும், டிஸ்க்கும் போயிருக்கலாம், தீபாவளி முடிந்து வந்து பார்க்கிறேன் என்றார். நான் மலரை நகல் எடுத்து வைத்திருந்த ஃப்ளாப்பிகளைப் பக்கத்துக் கடையில் போட்டுப் பார்த்தோம். ஒன்றும் திறக்கவில்லை. ஜன்னலை அடைத்து என்ன பிரயோஜனம்? தூசி ஃப்ளாப்பிக்குள் போய் உட்கார்ந்திருந்தது. மலரை முதலிலிருந்து அடிக்க வேண்டும் என்றால் மதுரை அவ்வளவுதான். நான் மாமாவை முறைத்துக்கூடப் பார்க்க முடியாது. அவர் சாமி முன்னால் போய் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

பின் தெரு ராவுத்தர் வீட்டு அண்ணன் துபாயில் கம்ப்யூட்டர் கடையில் இருந்தவர், லீவுக்கு வந்திருந்தார். நானே போய்க் கேட்டேன். மறுநாள் காலை ஒரு லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தார். எங்கள் தெருவில் யாரும் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. அச்சகத்து ஆட்கள் எல்லாரும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

பெட்டியிலிருந்து டிஸ்க்கைக் கழற்றிக் கையில் எடுத்தார். "இத லேப்டாப்புக்குள்ள மாட்ட முடியாது தங்கச்சி, சைஸு வேற. பிரிண்டர் மாட்டுற எடத்துல இந்தக் கேபிளச் சொருகி, மறுமுனைய டிஸ்க்குல குடுக்கணும். ஆனா டிஸ்க்குக்குக் கரண்டு லேப்டாப்பு குடுக்காது."

செத்த மெஷினின் பவர் பெட்டியைப் போர்டிலிருந்து பிரித்து ஸ்விட்சைப் போட்டார். அதன் ஃபேன் சுற்றியது. அதிலிருந்து ஒரு வயரை எடுத்து டிஸ்க்கில் சொருகியதும், டிஸ்க்கு மெல்ல முனகிக்கொண்டு எழுந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் லேப்டாப்பு அதைக் கண்டுகொள்ளவில்லை. மறுபடி மறுபடி பார்த்தார், ஒன்றும் காணோம். வேர்த்து வடிந்தது. பிறகு தன் தலையிலேயே தட்டிக்கொண்டு, பட்டைக் கேபிளைக் கழற்றி, அதன் சிவப்புக் கோடு பவர் வயர் பக்கம் வருகிற மாதிரித் திருப்பிச் சொருகினார். தலைகீழாகப் போட்டிருந்திருக்கிறார். இந்த முறை ஃபைல்கள் வரிசையாக வந்து நின்றன.

மலரைத் திறந்தார். திரை முழுக்க ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியும் டாலர் குறியுமாகக் கொட்டியது. ஒரு எழுத்துகூடத் தமிழ் இல்லை.

"போச்சு" என்றார் மாமா. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அச்சகத்து ஆட்களும் உச்சுக் கொட்டினார்கள்.

நான் மட்டும் திரையையே பார்த்தேன். எந்தத் தமிழ் எழுத்துக்குக் கீபோர்டில் எந்த ஆங்கிலக் கட்டையை அமுக்குவேன் என்று என் விரலுக்குத் தெரியும். முதல் வரியை மனதுக்குள் அடித்துப் பார்த்தேன். பங்குத் தந்தையின் ஆசியுரை.

"போகல மாமா. லேப்டாப்புல தமிழ் ஃபாண்ட் இல்ல, அவ்வளவுதான். இது ஆசியுரை. இங்க பாருங்க, அதுக்குக் கீழ முதல் குடும்பம்" என்று வரிவரியாகப் படித்துக் காட்டினேன். அண்ணன் டிஸ்க்கிலிருந்தே ஃபாண்ட்டை எடுத்து லேப்டாப்பில் போட்டார். மலரை மூடித் திறந்தார். நூறு வருஷத்துக் குடும்பங்களும் தமிழில் வந்து நின்றன.

மாமா குழந்தை மாதிரி கை தட்டினார். சேவும் டீயும் வாங்கி வரச் சொல்லி ஆள் அனுப்பினார். அண்ணனைக் கட்டிப் பிடித்தார். என் தலையில் கை வைத்து, "இந்தப் பிள்ள இல்லாட்டி ஊருக்குள்ள தல காட்ட முடியாமப் போயிருக்கும்" என்று எல்லாரிடமும் சொன்னார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இப்படி வாய் நிறைந்து சிரிக்கிற நேரத்தில் சொன்னால்தான் உண்டு என்று தோன்றியது.

"மிச்சத்த இந்த லேப்டாப்புலயே ரெண்டு மூணு நாள்ல முடிச்சிருவேன் மாமா. ஒண்ணாந் தேதி கிளம்புறேன்."

"எங்க?"

"மதுரைக்கு."

மாமா டீ கிளாஸைக் கீழே வைத்தார். கோபமே இல்லை, அக்கறைதான்.

"மிஷினு படுத்த அன்னைக்கே மதுரைக்குப் போன் போட்டுச் சொல்லிட்டனே தாயி. பிள்ள இப்பத்திக்கு வராது, வேற ஆளப் பாத்துக்கங்கன்னு. அவுகளும் ஆளு எடுத்துட்டாகளாம். நாம வாரோம்னு சொல்லிட்டுப் போகாம இருந்தா அவுக என்ன நெனப்பாக?"

என் கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மாமா பதறிப்போய்த் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எல்லாந்தான் கெடச்சிருச்சே தாயி," என்றார், "இன்னும் ஏன் அழுகுற?"